சோற்றுக்கை

என்னை வாழ்க்கையில் இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்து அளந்திருக்கிறார்கள். முதல் தடவை எனக்குக் கல்யாண வயது. சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் என் அப்பா வீட்டு ஹாலில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், காப்பித் தட்டோடு நின்றேன். இரண்டாம் தடவை போன வருஷம், ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு திடலில், உச்சி வெயிலில், ஓர் அமெரிக்கர் முன்னால். அவர் பார்க்க வந்தது என்னை அல்ல, என் மகனை. ஆனால் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் தாயையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பல மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. சூட்டோடேயே எழுதிவிடுகிறேன்.

என் மகன் பேஸ்பால் ஆடுகிறவன். "பேஸ்பாலா? கிரிக்கெட் இல்லையா?" என்று கேட்காத சொந்தக்காரர் எங்களுக்கு ஒருவர்கூட பாக்கியில்லை. கிரிக்கெட் ஆடுகிற பிள்ளையென்றால் உடனே தோளில் தட்டுவார்கள். பேஸ்பால் என்றால் ஏதோ நாங்கள் வேறு மதத்துக்குப் போய்விட்ட மாதிரி பார்ப்பார்கள். அவன் என்ன திட்டம் போட்டா அதில் சேர்ந்தான்? உயர்நிலைப் பள்ளியில் கால்பந்துக் குழுவில் இடம் கிடைக்கவில்லை. இடம் காலியாக இருக்கிற குழு எதிலாவது போய்ச் சேர் என்று ஆசிரியர் சொல்ல, பேஸ்பாலில் போய் நின்றான். முதல் நாள் ஒரு பந்தை எடுத்து வீசச் சொன்னார்களாம். அதைப் பிடித்த சீனப் பையன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை உதறினானாம். அன்றிலிருந்து என் மகன்தான் அந்தக் குழுவின் பிட்ச்சர்.

பிட்ச்சர் என்றால் திடலின் நடுவில் சின்ன மேட்டில் நின்று பந்தை வீசுகிறவன். கிரிக்கெட்டில்போல ஓடிவந்து வீச முடியாது. நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, உடம்பு முழுவதையும் சுழற்றி, கடைசியில் அத்தனை பாரத்தையும் முழங்கையில் கொண்டுவந்து இறக்க வேண்டும். அதனால் பிட்ச்சர்களுக்குப் போவதும் பெரும்பாலும் முழங்கைதான். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை. ஷிஃப்ட் முடிந்து, கண் எரிய எரிய, சனிக்கிழமைகளில் திடல் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து இந்த விளையாட்டை நான் கற்றுக்கொண்டேன். என் கணவர் வருவார், ஆனால் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் ஜெயித்தார்கள் என்று என்னிடம்தான் கேட்பார்.

போன வருஷம் அவனுக்குப் பதினேழு வயது. ஜூனியர் காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவனுடைய கோச் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அமெரிக்காவின் பெரிய லீக் அணி ஒன்றுக்கு ஆள் தேடித் தருகிற ஒருவர் ஆஸ்திரேலியா போகிற வழியில் சிங்கப்பூரில் ஒரு நாள் இறங்குகிறார். உங்கள் மகன் வீசுகிற காணொளியைப் பார்த்திருக்கிறார். நேரில் பார்க்க வேண்டுமாம். பிடித்திருந்தால் ஆஸ்திரேலியாவில் நடக்கிற பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார். அதில் தேறினால் ஒப்பந்தம், பிறகு சின்ன லீக், பிறகு பெரிய லீக். வருகிறவர் அடுத்த வருஷமும் வருவார் என்று சொல்ல முடியாது. அப்படியே வந்தாலும் என் மகன் அதற்குள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு தேசிய சேவை என்று இரண்டு வருஷ ராணுவப் பயிற்சிக்குப் போயிருப்பான். ஆகவே எல்லாம் அந்த ஒரு நாளில்தான் இருந்தது. வீட்டில் அதற்கப்புறம் யாரும் வேறு எதையும் பேசவில்லை.

எனக்கு மட்டும் அந்த நாள் வரவே வேண்டாம் என்றிருந்தது. ஏனென்றால் அதற்குச் சில நாள் முன்னால், நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அவன் வந்து பக்கத்தில் நின்று, "அம்மா, முழங்கை உள்பக்கம் வலிக்குதுமா. பந்து விடும்போது சுருக்குன்னு இழுக்குது," என்று சொல்லியிருந்தான். அடுத்த நாளே கிளமெண்டியில் எங்கள் வீட்டுப் பக்கத்து அரசாங்க பாலிகிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் முழங்கையை அழுத்திப் பார்த்தார், மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். சில வாரத்துக்குப் பந்தைத் தொடவே கூடாது, அப்புறமும் வலித்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். இவ்வளவு தெளிவாக ஒரு டாக்டர் சொன்ன பிறகும் ஒரு குடும்பம் உட்கார்ந்து யோசிக்குமா? எங்கள் குடும்பம் யோசித்தது.

யோசிப்பதற்கென்றே எங்கள் குடும்பத்தில் ஓர் ஆள் உண்டு. என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். லிட்டில் இந்தியாவில் மாமனார் வைத்திருந்த மசாலாத்தூள் கடையை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். வீடு வாங்குவது, பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது, யார் யாருடைய கல்யாணத்துக்கு எந்தப் புடவை கட்டுவது, எல்லாம் அண்ணி வாயிலிருந்து வந்தால்தான் முடிவு. என் கணவர் அக்காவிடம் ஃபோனில் விஷயத்தைச் சொன்னார். அண்ணி மறுநாள் சாயங்காலமே கிளமெண்டிக்கு வந்துவிட்டார்.

"நல்ல இடம் தானா வாசல் தேடி வருது. நீங்க போயி அங்க வலி இங்க வலின்னு சொல்லிக்கிட்டு நிக்காதீங்க," என்றார்.

"அண்ணி, பந்தைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"பாலிகிளினிக் டாக்டர்தானே. அவங்க எதுக்குப் போனாலும் ரெஸ்ட் எடுன்னுதான் சொல்லுவாங்க லா."

"அந்த ஆளு வலி இருக்கான்னு கேட்டா என்ன சொல்றது?"

"இல்லன்னு சொல்றது. சம்பந்தம் பேச வர்றப்போ யாராச்சும் குறையச் சொல்லுவாங்களா? ஏன், உன்னைப் பார்க்க வந்தப்போ உங்க அம்மா சொன்னாங்களா, உனக்கு வீசிங் இருக்குன்னு?"

என் கணவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி அணைந்திருந்தது.

அண்ணி சொன்னது பொய்யில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. பெண் பார்க்க வந்தபோது என் அம்மா அதைச் சொல்லவில்லை. பெண் பார்க்கிற இடத்தில் பெண்ணுக்குத் தலைவலிகூட வந்ததில்லை என்பதுதான் பேச்சு. அவர்களும் சும்மா விடவில்லை. நடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காப்பி கொண்டுவரச் சொன்னார்கள், பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். "பூ வச்சு விடறேன் வா" என்று அண்ணி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பூ வைக்கிற சாக்கில் என் பின்னலைச் சுண்டி இழுத்துப் பார்த்தார். சவுரி இல்லை, சொந்த முடி என்று அவருக்குத் திருப்தி. மூச்சை இழுத்துப் பார்க்க முடியாது அல்லவா? அதனால் அது தப்பித்துக்கொண்டது.

கல்யாணமாகிப் போன பிறகு என் பாடு எனக்குத்தான் தெரியும். புது மருமகளைக் கடைக்குக் கூட்டிப் போய் எங்கே உட்கார வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? மிளகாய்த்தூள் பாக்கெட் போடுகிற இடத்தில். தூள் பறக்கும். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நெஞ்சு அடைக்க ஆரம்பித்ததும் கழிவறைக்கு ஓடுவேன். இன்ஹேலரை நாப்கின் பையில் ஒளித்து வைத்திருந்தேன், அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்காருவேன். என் மகன் வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் கடையிலேயே மூச்சு நின்று போகிற மாதிரி ஆகி, ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. "நோயாளிப் பொண்ணைத் தலையில கட்டி எங்களை ஏமாத்திட்டாங்க" என்று மருத்துவமனை வராந்தாவில் என் அம்மாவைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். கத்தினவர்களில் அண்ணி குரல்தான் பெரிய குரல். என் அம்மா பதில் பேசாமல் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

ஆகவே மறைத்து வைக்கிற விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். அண்ணி இருந்தபோதும் சொன்னேன், போன பிறகும் சொன்னேன். கடைசியில் என் வாயை அடைத்தது என் மகன்தான். "அம்மா, ஒரு நாள்தானேமா. கொஞ்சம்தான் போடுவேன். ஃபுல் ஸ்பீடு போட மாட்டேன். ப்ளீஸ்மா," என்று என் முகவாயைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவன் அப்படி என் முகத்தைப் பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. சரி, கொஞ்சம்தான் என்றேன். ஐஸ் பையும் தைலமும் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன்.

அமெரிக்கர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். தொப்பி, வெயிலில் சிவந்த கழுத்து, மெதுவான பேச்சு. கெட்ட மனிதர் என்று முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. அண்ணி பட்டுப்புடவை கட்டி, அடுக்குப் பாத்திரத்தில் கேசரியும் மெதுவடையும் கொண்டுவந்திருந்தார். மைதானத்தில் பட்டுப்புடவை. ஓடிக்கொண்டிருந்த பையன்கள் நின்று பார்த்தார்கள். அமெரிக்கர் கேசரியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். பாதிச் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம்.

பிறகு ஆரம்பித்தார் ஐயா. என் மகனின் கையைப் பிடித்து, விரல்களை விரிக்கச் சொல்லித் தன் விரல்களோடு வைத்துப் பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். காலணி எத்தனை சைஸ் என்று கேட்டார். கொஞ்ச தூரம் நடந்து திரும்பி வரச் சொன்னார். எந்த வயதில் முகச்சவரம் செய்ய ஆரம்பித்தான் என்று கேட்டார். என் கணவரின் உயரத்தைக் கேட்டார். அதோடு விட்டாரா? "மேடம், நீங்கள் கொஞ்சம் பையன் பக்கத்தில் வந்து நிற்க முடியுமா?" என்றார்.

போய் நின்றேன். என் தலையிலிருந்து செருப்பு வரைக்கும் பார்த்தார். உங்கள் அப்பா எவ்வளவு உயரம், அண்ணன் தம்பி உண்டா, அவர்கள் எவ்வளவு உயரம் என்று கேட்டார். பையன் இன்னும் வளருவானா, தோள் இன்னும் அகலுமா என்று தெரிந்துகொள்ள இவர்கள் இப்படித்தான் குடும்பத்தையே பார்ப்பார்களாம். கோச் என் காதில் சொன்னார். மாடு வாங்குகிறவர்கள் தாய்ப்பசுவைப் பார்க்கிற மாதிரி. எனக்குக் காது சூடாகிவிட்டது. இருபது வருஷம் கழித்து மறுபடியும் காப்பித் தட்டோடு நிற்கிற மாதிரி இருந்தது. அண்ணி நான் வாயைத் திறப்பதற்கு முன்பே முந்திக்கொண்டார். "எங்கப்பா சிக்ஸ் ஃபீட் சார்," என்றார். மாமனார் என் தோள் உயரம்தான் இருப்பார். அவர் ஆறடி என்று கேட்டால் அவரே சிரித்திருப்பார்.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. "கையில் வலி, பிடிப்பு, ஏதாவது உண்டா?"

"இல்லை சார்," என்றான் என் மகன்.

"நெவர் சார். ஒரு காய்ச்சல்கூட வந்ததில்ல," என்றார் அண்ணி.

என் கணவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அமெரிக்கர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர்கள் எல்லாரும் பந்து பிடிக்கிறவனுக்குப் பின்னால் இருந்த வலைக்கு அந்தப் பக்கம் போனார்கள். வேகத்தைக் காட்டுகிற, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை அமெரிக்கர் கையில் எடுத்தார். எனக்கு அங்கே அவர் பக்கத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. எதிர்ப் பக்கத்தில், மேட்டுக்குப் பின்னால் இருந்த மர நிழலுக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து என் மகனின் முதுகு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அந்த இடத்தில் நான் உட்கார்ந்தது என் மகனுடைய அதிர்ஷ்டம் என்று இன்றும் நினைக்கிறேன். அவன் அதிர்ஷ்டமே அங்கேதான் கெட்டது என்று அண்ணி நினைக்கிறார்.

முதல் பந்து போனது. கையுறையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. கருவியில் எண்பத்திரண்டு என்று வந்ததாம். "இவ்வளவுதானா? கிரிக்கெட்டுல நூத்தி நாப்பது போடுறானுங்களே," என்று அண்ணி முகம் வாடினாராம். இது மைல், அது கிலோமீட்டர் என்று என் கணவர் விளக்க வேண்டியிருந்தது. இரண்டாம் பந்தும் அதே வேகம். மெதுவாகப் போடுகிறேன் என்று எனக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போய்விட்டது. மூன்றாம் பந்து முடிந்ததும் அமெரிக்கர் வலையை விட்டு நகர்ந்து பக்கவாட்டில் வந்து நின்றார். என் மகனின் முழங்கை தெரிகிற பக்கம். அதற்கு அப்போது எனக்கு அர்த்தம் புரியவில்லை. வெயிலுக்காக நகர்கிறார் என்று நினைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு பந்து போயிருக்கும். போதும் என்று சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. வளைகிற பந்து போடச் சொன்னார். அது முழங்கையை இன்னும் முறுக்கும். ஒன்று போட்டான், இன்னொன்று போட்டான். அதற்குப் பிறகுதான் அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்தான். முன்னால் நிற்கிற யாருக்கும் தெரியாமல், முதுகுக்குப் பின்னால், விரல்களை விரித்து விரித்து உதறினான். பிறகு கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பந்தை எடுத்தான். அந்தக் கை எனக்கு நேராக இருந்தது.

எனக்குக் குழாய்ச் சத்தம் கேட்டது. மிளகாய்க் கடையின் கழிவறையில் நான் திறந்துவிடுவேனே, அந்தக் குழாய்.

எழுந்து நடந்தேன். ஆட்டம் நடக்கிற இடத்துக்குள் யாரும் காலை வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். செருப்போடு நடந்தேன். கோச் கையை ஆட்டினார். என் மகன் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, போம்மா. கோ பேக்மா, ப்ளீஸ்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பந்தைக் கீழ போடு," என்றேன். அமெரிக்கர் அருகே வந்ததும் ஆங்கிலத்தில் சொன்னேன். "இவனுக்கு முழங்கையில் வலி. பந்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இனிமேல் ஒரு பந்துகூட போட மாட்டான்."

வலைக்குப் பின்னால் அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. இந்த மனிதர் கோபப்படுவார், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் கோபப்படவில்லை. அமைதியாகக் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும் மேடம். மூன்றாவது பந்திலேயே தெரிந்துவிட்டது."

"தெரிந்துமா மேலே போடச் சொன்னீர்கள்?"

"வேகத்தைக் கருவி காட்டிவிடும். வலிக்கும்போது ஒரு பையன் என்ன செய்கிறான் என்பதைக் கருவி காட்டாது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகன் தாங்குகிறான். அது நல்ல குணம்." பாராட்டுகிற குரலில் சொன்னார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஆங்கிலம் எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. "வலி இல்லை என்று இவன் சொன்னதை நீங்கள் நம்பியிருந்தால் உங்கள்மேல் தப்பில்லை. தப்பு எங்கள்மேல். தெரிந்த பிறகும் போடச் சொன்னீர்களே, நீங்கள் என்ன மனிதர்? இவன் கை போயிருந்தால் நீங்கள் ராத்திரி விமானம் ஏறிப் போய்விடுவீர்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு என் வீட்டில் உட்காரப் போகிறவன் இவன். பதினேழு வயதுப் பிள்ளை எவ்வளவு தாங்குவான் என்று பார்க்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கோச்சிடம் போய்ப் பேசினார். நாங்கள் நிற்கிறோம் என்றுகூட குரலைத் தாழ்த்தவில்லை. தோள் நன்றாக இருக்கிறது, விரல் நீளம், இன்னும் வளருவான். முழங்கை சரியானதும் சொல்லி அனுப்புங்கள், பார்க்கலாம். வீட்டார்தான் குறுக்கே வருவார்கள்போல் தெரிகிறது. இவ்வளவுதான். ஒரு பிள்ளையின் இத்தனை வருஷத்துக்கும் தீர்ப்பு சொல்லிவிட்டு, எங்கள் எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டு டாக்சியில் ஏறினார். எனக்கும் கையை நீட்டினார். நான் ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. என் மகன் இப்போது சீருடையில் இருக்கிறான். பிறகு எடுத்த ஸ்கேனில் வீக்கம்தான், எதுவும் கிழியவில்லை என்று வந்தது. அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். ஒண்ணுமில்லாததுக்கு இவ மைதானத்துல போயி ஆட்டம் ஆடினா என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறார். கிழிந்திருந்தால்தான் நான் எழுந்து நடந்தது நியாயமாம். கிழிவதற்கு முன்னால் நிறுத்தினால் அது ஆட்டமாம்.

ஆனால் எனக்கு நெஞ்சில் நிற்பது ஸ்கேன் இல்லை. அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடு.

அமெரிக்கரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அண்ணி லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மேசை சொல்லி வைத்திருந்தார். அவர் இல்லாமல் நாங்கள் நாலு பேர் போய் உட்கார்ந்தோம். ஐந்தாவது நாற்காலிக்கு முன்னாலும் கடைக்கார அண்ணன் இலையைப் போட்டுவிட்டார். வேண்டாம் என்று எடுக்கச் சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை. என் மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. திடலிலிருந்து நடந்து வருகிற வழியெல்லாம் எனக்கு முன்னால் வேகமாக நடந்துபோனான். சோறு வந்தது, சாம்பார் வந்தது, கோழி வந்தது. அவன் வலது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்து போடுகிற கையும் அதுதான், சோற்றுக்கையும் அதுதான்.

"சாப்பிடுடா. உங்கம்மா செஞ்சதுக்கு நீ ஏன் பட்டினி கிடக்கிற?" என்றார் அண்ணி.

"அண்ணி, போதும்," என்றேன்.

"என்ன போதும்? அந்த மனுஷன் என்ன தப்பு செஞ்சாரு? பையன் தாங்குறானான்னு பார்த்தாரு. பெரிய இடத்துக்குக் கூட்டிட்டுப் போறவங்க பார்க்கத்தான் செய்வாங்க. நானுந்தான் உன்னைப் பார்த்தேன்."

"என்னைப் பார்த்தீங்களா? எப்போ?"

"கல்யாணம் ஆயி வந்த முதல் மாசமே. நாப்கின் பையில மருந்து வச்சிருந்தியே. பாத்ரூம்ல பைப்பைத் திறந்துவிட்டுட்டு இழுப்பியே. எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? தாங்குறியா, இல்ல அழுதுக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போறியான்னு பார்த்தேன். நீ தாங்கின. ஒரு வார்த்தை சொல்லல. நல்ல பொண்ணுன்னு அப்பவே எங்கம்மாகிட்ட சொன்னேன், கேட்டுப் பாரு," என்று தம்பியைக் காட்டினார்.

என் கணவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டேன். முதல் மாதம். அதற்குப் பிறகு எத்தனை மாதம் அந்தத் தூளில் உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனை வராந்தாவில் என் அம்மாவை ஏமாற்றுக்காரி என்று கத்தினாரே, அந்த நாளிலும் இவருக்கு எல்லாம் தெரியும். என் அம்மா அந்த அவமானத்தோடேயே போய்ச் சேர்ந்தார். இவர் இதை என்னிடம் புகழ்ச்சியாகச் சொல்கிறார். நற்சான்றிதழ் கொடுக்கிறார். கையில் இருந்த சோற்றை அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நெஞ்சு அடைக்கத்தான் ஆரம்பித்தது. சமையலறையிலிருந்து காய்ந்த மிளகாய் தாளிக்கிற நெடி வேறு. இத்தனை வருஷப் பழக்கம், கைப்பையை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போக எழுந்தேன்.

அப்போது என் மகன் தலையை நிமிர்த்தினான். அத்தையைப் பார்த்தான். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஒரு ஸ்பூன் குடுங்க."

அவர் கொண்டுவந்து கொடுத்ததை இடது கையில் வாங்கிக்கொண்டு, இடது கையாலேயே சோற்றை எடுத்து வாயில் வைத்தான். அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னடா இது? இலையில உக்காந்து இடது கையால சாப்பிடுற?"

"சோத்துக்கை வலிக்குது அத்தை," என்றான். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னான். "ரொம்ப நாளா வலிக்குது. மடக்க முடியல." பிறகு எழுந்து நின்ற என்னைப் பார்த்தான். "எங்கம்மா போற? இங்கயே எடு."

நான் உட்கார்ந்தேன். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, மேசையில், எல்லார் இலைக்கும் நடுவில் வைத்தேன். மூடியைக் கழற்றினேன். இரண்டு தடவை இழுத்தேன். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கட்டும்.